ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும்தானா சட்டம்? வீட்டுவசதித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கும், அரசுச் செயலாளர் அவர்களுக்கும்,

"மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் இடையே வாடகை ஒப்பந்தம் ஏதும் இல்லாததால் இம்மனு ஏற்கத்தக்கதல்ல."

மூன்று நாள் லீவு போட்டு அலைந்து வாடகை அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இந்த ஒரு வரிதான். என் சாதியைக் காரணம் காட்டி ஒரு வீட்டு உரிமையாளர் என்னோடு ஒப்பந்தம் போட மறுத்துவிட்டார் என்பதுதான் என் புகாரே. ஒப்பந்தம் போட மாட்டேன் என்றவர் மீது புகார் கொடுத்தால், ஒப்பந்தம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்த வரியை எழுதிய அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து வாடகைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன், அவர் எழுதியது சட்டப்படி சரிதான். அதனால்தான் அவரோடு சண்டை போடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், ஒரு மாத வாடகைகூடப் பாக்கி வைத்ததில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எப்படியும் மூன்றாவது கேள்வியில் கேட்கத்தான் போகிறார்கள்.

முன்பு இருந்த வீட்டை உரிமையாளர் தன் மகனுக்காகக் கேட்டார். நியாயமான காரணம். சரி என்று வீடு தேட ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் பதினேழு வீடு பார்த்தோம். எங்கள் வேலையில் எதையும் பதிவேட்டில் ஏற்றாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டோம். அந்தப் பழக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தெரு, வாடகை, அட்வான்ஸ், என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். நான்கு வீடு வாடகை கட்டுப்படியாகாமல் நாங்களே விட்டது. இரண்டு வீடு நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. மீதி பதினொன்றில் மூன்று பேர் வெளிப்படையாகவே காரணத்தைச் சொன்னார்கள். எட்டுப் பேர் சொல்லவில்லை, "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

சாதியை நேரடியாகக் கேட்பவர்கள் குறைவு. "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிப்பார்கள். செய்யாறு பக்கம் என்பேன். "செய்யாறு பக்கம்னா?" ஊர்ப் பெயரைச் சொல்வேன். அடுத்து வருவதுதான் கேள்வி: "ஊருக்குள்ளயா?" இந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது வேலை செய்யாவிட்டால் குலதெய்வம், பிறகு என் மாமனார் பெயர், பிறகு கல்யாணம் எந்த மண்டபத்தில் என்றுகூட ஒருவர் கேட்டார். என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கும்போது தாலுகா அலுவலகத்தில்கூட இத்தனை கேள்வி இல்லை.

இன்னொரு வழி சாப்பாடு. வீட்டில் கறி, மீன் சமைக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அது அவர் பழக்கம், அவர் நம்பிக்கை என்று நான் மதிக்கிறேன். அப்படி ஒரு வீட்டில், "சரிங்க, சமைக்க மாட்டோம், ஒப்பந்தத்திலேயே எழுதிக்கோங்க" என்றோம். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சமைக்க மாட்டீங்க, சரி. ஆனா வெளிய சாப்பிடுவீங்கல்ல?" என்றார். அதற்கு நாங்கள் என்ன எழுதிக் கொடுப்பது? இன்னொரு வீட்டில் படியேறும்போதே கீழ் போர்ஷனில் நெத்திலி வறுக்கும் வாசனை. மேலே போனதும் உரிமையாளர் எங்களிடம் சொன்ன முதல் நிபந்தனை, "நான்வெஜ் ஆகாது." என் கணவர் அன்று இரவு சிரித்துக்கொண்டே சொன்னார், "நெத்திலிக்கு வீடு கிடைச்சிருக்கு, நமக்குத்தான் இல்ல."

ஒரே ஒரு சாதிக்காரர்கள்தான் இப்படி என்று யாராவது இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நினைத்தால் அது தவறு. என் நோட்டில் இருக்கும் பதினொரு பேர் பல சாதி, இரண்டு மதம். தங்களுக்கே வேறொரு தெருவில் வீடு மறுக்கப்படக்கூடியவர்களும் அதில் உண்டு.

பதினோராவது மறுப்புதான் என்னை மனு எழுத வைத்தது. வீடு பிடித்தது, வாடகை பேசி முடித்தோம், டோக்கன் அட்வான்ஸ் 5,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினோம். மகளின் பள்ளிக்கு நடந்தே போகும் தூரம். அவள் தன் மேசையை எங்கே போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். மறுநாள் மாலை பணம் திரும்பி வந்தது. ஊரில் யாரிடமோ போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் புரோக்கர் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்: "அக்கா ஓனருக்கு எஸ்சி வேணாமாம். தப்பா எடுத்துக்காதீங்க. வேற வீடு பாக்கலாம்." அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. மற்ற புரோக்கர்கள் பொய் சொன்னார்கள், அவர் உண்மையைச் சொன்னார். ஆதாரம் இல்லாமல் பேசுகிறாள் என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி அந்தச் செய்தியை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

முதலில் காவல் நிலையம் போனோம். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். "அது அவங்க வீடும்மா. யாருக்குக் குடுக்கணும்னு அவங்கதானே முடிவு பண்ணணும்? இது சிவில் மேட்டர்" என்றார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீதுகூடத் தரவில்லை. அப்புறம்தான் வாடகை அலுவலகம், அந்த ஒரு வரி.

அதற்குப் பிறகு ஒரு தோழி சொல்லி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். இதெல்லாம் நாற்பது வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே கிடைத்த வழக்கறிஞர் அம்மா என் நோட்டையும் அந்த வாட்ஸ்அப்பையும் பார்த்துவிட்டு, "இதுக்குச் சட்டம் 1955லிருந்து இருக்கு" என்றார்.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாகப் பிறந்து, 1976இல் இந்தப் பெயருக்கு மாறியது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் 'பிசிஆர் கேஸ்' என்பார்கள். சாதிக் கொடுமை என்றாலே அந்தப் பெயர்தான். ஆனால் அந்த பிசிஆர் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதன் 4ஆம் பிரிவில், கிணறு, சாலை, கடை, ஓட்டல் எல்லாம் சொல்லி வரும் வரிசையில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை செய்வது குற்றம் என்று எழுதியிருக்கிறது. 12ஆம் பிரிவு அதைவிட முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிராளியின் பொறுப்பு. 15ஆம் பிரிவுப்படி போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம் இது. சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட முடியாது. அப்படிப்பட்ட குற்றம் என்று தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே சொல்லிவிட்டது.

தண்டனை என்ன தெரியுமா? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். அதிகபட்ச அபராதமே என் டோக்கன் அட்வான்சில் பத்தில் ஒரு பங்குதான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் அந்த அம்மா காட்டினார். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டம், 2015இல் திருத்தியபோது சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் குற்றமாகச் சேர்ந்தன. சாதி சொல்லி வீடு மறுப்பதும் அதற்குள் வரும் என்று வாதாட இடமிருக்கிறது என்றார். வாதாடலாம் என்று சொன்னாரே தவிர, ஜெயித்துவிடலாம் என்று சொல்லவில்லை. நேர்மையான வழக்கறிஞர். காவல் நிலையம் மறுத்த புகாரைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பினோம். அதற்கும் பதில் இல்லாததால் மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்கிறோம். அது நிலுவையில் இருப்பதால் அந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

ஆக, எனக்காவது பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் முஸ்லிம். அவருக்குப் போனிலேயே முடிந்துவிடும். பெயரைச் சொன்னதும், "வீடு போயிடுச்சும்மா." அரை மணி நேரம் கழித்து அதே எண்ணுக்கு நான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், வீடு போகவில்லை. பல்லாவரம் பக்கம் போங்க, திருவல்லிக்கேணி பக்கம் போங்க என்று வழிகாட்டுவார்கள், ஏதோ உதவி செய்வதுபோல. அவருக்கு 12ஆம் பிரிவின் அனுமானம் இல்லை, வன்கொடுமைச் சட்டமும் இல்லை. மதம் பார்த்து வீடு மறுப்பது தவறு என்று நேரடியாகச் சொல்லும் ஒரு சட்டம்கூட அவர் கையில் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆம் கூறு இருக்கிறதே என்பீர்கள். அதன் முதல் உட்கூறு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது உட்கூறு கடைகள், ஓட்டல்கள் என்று பேசுகிறது. 'கடை' என்றால் என்ன என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் கேள்வி வந்தபோது, சேவை தர முன்வரும் எவரையும் அந்தச் சொல் குறிக்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். உச்ச நீதிமன்றமும் 2011இல் ஒரு கல்லூரி வழக்கில் அந்த விரிந்த பொருளை எடுத்துக்கொண்டது. 'டு லெட்' போர்டு மாட்டி வாடகைக்கு விடுபவரும் அதில் வருவார் என்று யாராவது வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்பு வந்து... அதுவரை அந்த நர்ஸ் எங்கே குடியிருப்பார்?

கணவரைப் பிரிந்து குழந்தையோடு இருக்கும் இன்னொரு தோழிக்கு வேறு கேள்வி: "வீட்டுக்கு ஆம்பளைங்க யாராவது வருவாங்களா?" அவருடைய அண்ணன் வரலாமா கூடாதா என்று ஒரு உரிமையாளர் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அவருக்கும் சட்டம் இல்லை.

ஆனால் இப்படி ஒரு சட்டம் எழுத நம் நாட்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் லேபில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதால் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பற்றி எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். தொற்று உள்ளவர் என்பதற்காக ஒருவருக்கு வீட்டில் தங்கும், வாங்கும், வாடகைக்கு எடுக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் கிட்டத்தட்ட அதே வாசகம். நடைமுறையில் திருநங்கைகளுக்கு வீடு எளிதாகக் கிடைத்துவிடுகிறதா என்று கேட்காதீர்கள், கிடைப்பதில்லை. ஆனால் 'உனக்கு உரிமை இருக்கிறது' என்று காட்ட ஒரு வரியாவது இருக்கிறது. அந்த வரியைச் சாதி, மதம், பால், திருமண நிலை என்று விரித்து எழுத வேண்டிய இடம் உங்கள் துறையின் சட்டம்தான்.

அதற்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் புதிய வாடகைச் சட்டம் இயற்றினீர்கள். 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், அதைப் பதிவு செய்ய இணையதளம், வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று எல்லாம் வைத்தீர்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்ட ஊரில், முன்பணம் என்றால் மூன்று மாத வாடகை என்று ஒரு அளவு சொன்னீர்கள். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி ஆளைத் துரத்தக் கூடாது என்று 20ஆம் பிரிவில் எழுதினீர்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் தலைப்பில் 'உரிமைகள்' என்று இருக்கும் அந்தச் சட்டத்தில் பாகுபாடு என்ற சொல்லுக்கு இடமில்லை. ஒன்றிய அரசு 2021இல் அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்திலும் இல்லை. இரண்டு சட்டங்களுக்கும் வாடகைதாரர் என்பவர் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டவர். கேட்டுக்கு வெளியே நிற்கிறவர் அவற்றின் கண்ணில் படவே இல்லை.

உள்ளே போய்விட்டால் மட்டும் நிம்மதியா என்றால், அதற்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் இருந்த வீட்டில், குடிபோன ஆறாம் மாதம் என் தம்பி ஒரு அம்பேத்கர் காலண்டர் கொண்டுவந்து மாட்டினான். அடுத்த வாரத்திலிருந்து மோட்டார் போடும் நேரம் மாறியது. எங்கள் குழாயில் தண்ணீர் வரும் நேரம் நாங்கள் இருவரும் வேலையில் இருக்கும் நேரமானது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 20ஆம் பிரிவு அப்போதே இருந்தது. ஆனால் எங்கள் கையில் இருந்தது பதினோரு மாதத்துக்கு முத்திரைத் தாளில் எழுதி, பதிவு செய்யாத ஒப்பந்தம். அதை வைத்து மனு போட்டால் எடுபடாது என்றார்கள். பதிவு செய்யலாமே என்று முன்பு கேட்டதற்கு, "வரி அது இதுன்னு வருவாங்க, வேணாம்மா" என்று உரிமையாளர் மறுத்திருந்தார். மூன்று மாதம் குடத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாங்களே காலி செய்தோம்.

'சொந்தக் காசில் கட்டிய வீடு, யாருக்கு விடுவது என்பது உரிமையாளர் விருப்பம்' என்பதுதான் உங்கள் அலுவலகங்களிலும் கேட்கும் பதில் என்று தெரியும். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பாழாக்காமல் வைத்திருப்பார்களா, காலி செய்யச் சொன்னால் செய்வார்களா என்று பார்ப்பது அவர் உரிமை. என்னிடம் சம்பளச் சீட்டு கேளுங்கள், முந்தைய உரிமையாளரின் போன் நம்பர் கேளுங்கள், தருகிறேன். ஆனால் வீட்டைத் தெருவுக்குக் காட்டி, போர்டு மாட்டி, காசுக்கு விடுவது ஒரு தொழில். அதனால்தானே அட்வான்சுக்கு அளவும், தண்ணீருக்கு விதியும் உங்களால் போட முடிந்தது? அங்கெல்லாம் குறுக்கே வராத சொந்த விருப்பம் சாதி என்றதும் மட்டும் வருகிறது.

அமெரிக்காவை எடுத்துக்காட்டினால் நம் ஊரில் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், அங்கே நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது. தானும் அதே கட்டடத்தில் குடியிருந்துகொண்டு ஓரிரண்டு போர்ஷன் விடும் சிறிய உரிமையாளருக்கு அந்தச் சட்டமும் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு இல்லை. மனதுக்குள் என்ன நினைத்தாலும் 'இன்னாருக்கு மட்டும்' என்று போர்டு எழுத அவருக்கும் அனுமதி இல்லை. நம் தெருக்களிலும் வீட்டு விளம்பர ஆப்களிலும் என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே பாருங்கள்.

அமெரிக்காவை விடுங்கள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தைத் திறந்தது நம் அரசு. 100 வீடு, அதில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. யார் பக்கத்து வீடு யாருக்கு என்பதில் அரசுக்கு ஒரு கருத்து இருக்கலாம் என்று அன்று நம்பினோம். உங்கள் துறையின் கீழ் வரும் வீட்டுவசதி வாரியமும் இட ஒதுக்கீடு பார்த்துத்தான் வீடு ஒதுக்குகிறது. அப்படி ஒதுக்கிய வாரியக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில்தான், என் நோட்டில் ஆறாவதாக இருக்கும் வீடு. "எங்க பிளாக்ல எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

பதினெட்டாவது வீடு கிடைத்துவிட்டது. உறவினர் வழியாக, எங்கள் ஆட்கள் வீடு. யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை, அவர்களுக்கே தெரியும். மகளின் பள்ளியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். காலையில் ஆறே முக்காலுக்கு பஸ் பிடிக்கிறாள். நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்று நம்பி வந்த என் அப்பாவின் பேத்தி, சென்னையிலும் 'எங்க பக்கம்' என்று ஒரு பக்கத்தில்தான் குடியிருக்கிறாள்.

நான் கேட்பது இவை.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள். சாதி, மதம், பால், பாலின அடையாளம், திருமண நிலை, மாற்றுத்திறன் ஆகியவற்றின் பேரில் வீடு மறுப்பதும், கூடுதல் வாடகையோ அட்வான்சோ கேட்பதும், காலி செய்யச் சொல்வதும் கூடாது என்று ஒரு பிரிவு சேருங்கள். வாடகைக்கு வீடு கேட்டு மறுக்கப்பட்டவரும், ஒப்பந்தம் இல்லாமலேயே, வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதுங்கள். எனக்கு வந்த அந்த ஒரு வரி இன்னொருவருக்கு வரக் கூடாது. சாப்பாட்டைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் என்ன சமைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. அந்த நிபந்தனைக்குச் சம்மதித்த பிறகும் ஆளை மறுத்தால், அது பாகுபாடுதான் என்று சட்டம் அனுமானிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது.

திருத்தம் வர நாளாகும். அதுவரை ஓர் அரசாணையாவது போடுங்கள். வாடகை அலுவலகத்துக்கு வரும் பாகுபாட்டு மனுவைத் திருப்பி அனுப்பாமல், ரசீது கொடுத்து, பட்டியல் சாதி, பழங்குடியினர் மனு என்றால் காவல் துறையின் சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும், எல்லா மனுக்களையும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்ப வேண்டும். வாடகை ஒப்பந்தம் பதியும் இணையதளத்திலேயே இதற்குத் தமிழில் ஒரு புகார்ப் பக்கம் வையுங்கள். எத்தனை புகார் வந்தது, என்ன ஆனது என்று வருடா வருடம் வெளியிடுங்கள். இன்றைக்கு இந்த எண்ணிக்கை யாரிடமும் இல்லை, என் நாற்பது பக்க நோட்டைத் தவிர.

உள்துறையோடு பேசி, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4, 12, 15 ஆகிய பிரிவுகள் வாடகை வீட்டு விஷயத்தில் என்ன சொல்கின்றன என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பச் செய்யுங்கள். 'சிவில் மேட்டர்' என்ற பதில் இனி வரக் கூடாது.

போர்டிலும், நாளிதழ் வரி விளம்பரத்திலும், ஆப்களிலும் சாதி, மதம் குறிப்பிட்டு வாடகை விளம்பரம் செய்வதைத் தடை செய்யுங்கள். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் புரோக்கர்களையும் இதற்குள் கொண்டுவாருங்கள். 'எஸ்சி வேணாமாம்' என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமையாளருக்குத் தூது போவது தங்களுக்கும் வழக்கு கொண்டுவரும் என்று தெரிந்தால், அவர்களே அந்த வீட்டை எடுக்க மாட்டார்கள்.

வீட்டுவசதி வாரிய ஒதுக்கீட்டுப் பத்திரங்களிலும், 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் அமையும் சங்கங்களின் துணை விதிகளிலும் இதே நிபந்தனையைச் சேருங்கள். இதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2005இல் குஜராத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றுதான் சொன்னது. சட்டம் தடுக்காத இடத்தில் நீதிமன்றம் தடுக்கும் என்று எங்களால் காத்திருக்க முடியாது.

இந்தக் கடிதத்தின் அச்சுப் பிரதியை, நோட்டின் நகலோடும் அந்த ஒற்றை வரி உத்தரவோடும், உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்பியிருக்கிறேன். அறுபது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முகவரி நகலின் பின்பக்கம் இருக்கிறது. புதிய முகவரி.

இப்படிக்கு,
பதினெட்டாவது வீட்டில் குடியிருக்கும் ஒரு வாடகைதாரர்,
சென்னை.